காணாமற்போன இருபது குப்பிகள்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதின்மூன்றாம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்குச் சூஃபியா லீமாரோஸை முதன்முதலாகச் சந்தித்தாள். நேரம் இவ்வளவு துல்லியமாக அவள் நினைவில் நிற்பதற்குக் காரணம் உண்டு. ஆய்வு மாணவியாகச் சேர்ந்த முதல் நாளன்று விலங்கியல் ஆய்வகத்தை மற்றவர்களுக்கு முன்பாக வந்து தானே திறக்க வேண்டும் என்ற ஆசையில், கீழக்கரையில் முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தாள். வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. உள்ளே, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அலுமினியப் பாத்திரத்தில் மக்காச்சோள மாவும் வெல்லமும் கொதிக்கக் கொதிக்கக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரு?" என்றாள் சூஃபியா. கேட்ட குரல் அவளுக்கே சற்றுக் கடுமையாகப் பட்டது.

"நானா? இதுகளுக்குக் கஞ்சி காச்சுறவ." லீமாரோஸ் அலமாரியைக் கரண்டியால் காட்டினார். பஞ்சால் வாயடைத்த கண்ணாடிக் குப்பிகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும், வாழைப்பழக் கடையில் மொய்க்கும் அந்தச் சின்னஞ்சிறு பழ ஈக்கள். "சாப்புட்டு வந்தீகளா டீச்சர்? இல்லாட்டி இதுலயே ஒரு கரண்டி ஊத்தவா? பூஞ்சை மருந்து இன்னும் கலக்கல."

சூஃபியா சிரிக்கவில்லை. ஆய்வகத்தின் சாவி ஒரு உதவியாளர் கையில் எப்படி வந்தது என்பதே அவள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சாவி பதினோரு ஆண்டுகளாக அந்தக் கையில்தான் இருந்தது. இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகும் சாலையில் இருந்த அந்தக் கல்லூரியில் லீமாரோஸ் தொகுப்பூதியப் பணியாளர். சொந்த ஊர் காரங்காடு. கணவர் கில்பர்ட் அங்கே அலையாத்திக் காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிறார். லீமாரோஸ் இருட்டோடு எழுந்து, முதல் பேருந்தில் ஏறி, ஆறரைக்கெல்லாம் ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். பணி நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் வரும் வரும் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் சொல்லப்பட்டது. 2023ஆம் ஆண்டுப் பட்டியலில் நிச்சயம் என்று துறைத்தலைவர் காதர் மைதீன் உறுதியாகவே சொல்லியிருந்தார். லீமாரோஸ் அந்த ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை.

அவருடைய வேலைத்திறனைச் சூஃபியா முதல் வாரத்திலேயே கண்டாள். பனிக்கட்டியின்மேல் வைத்த கண்ணாடித் தட்டில் மயங்கிக் கிடக்கும் ஈக்களைத் தூரிகை முனையால் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் என்று ஒதுக்க வேண்டும். ஆணுக்கு வயிற்றின் நுனி கறுத்து மழுங்கியிருக்கும். பெண்ணுக்கு வெளுத்துக் கூர்மையாக இருக்கும். சூஃபியா பத்து ஈக்களைப் பார்ப்பதற்குள் லீமாரோஸ் நூற்றை முடித்துவிடுவார். இராமேசுவரம் போகும் வழியிலுள்ள மண்டபம் ஊரில் நண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் மேசையில் நின்று ஆண் நண்டையும் பெண் நண்டையும் பிரித்த கை அது.

"நண்டுக்கு வயித்து மூடியத் திருப்பிப் பாக்கணும். கடிக்கும். இது கடிக்கிறதும் இல்ல, ஒளியிறதும் இல்ல," என்பார்.

சூஃபியாவின் ஆய்வைப் பற்றி ஒருநாள் அவரே கேட்டார். "இந்தப் பொட்டை ஈ கடுவனோட சேராட்டா முட்டையே விடாதா டீச்சர்?"

"ஒன்னு ரெண்டு விடும். மத்ததெல்லாம் உள்ளயே இருக்கும். சேந்ததுக்கு அப்புறம் கொத்துக் கொத்தா விடும்."

"கடுவன் அப்படி என்ன குடுக்குறான்?"

"விந்தோட சேத்து ஒரு சின்னப் புரதத்துண்டு போகுது. பெப்டைடுன்னு பேரு. அது பொம்பள ஈ உடம்புல போய் முட்டைய வெளிய விடச் சொல்லுது. ஆம்பளையே இல்லாம அதை மட்டும் ஊசியில ஏத்தினாலும் விடும்னு வெளிநாட்டுல எப்பவோ காட்டிட்டாங்க. நம்ம ஊரு வெக்கையில வளந்த ஈக்கும் அதே அளவுல வேலை செய்யுதான்னு நான் பாக்கப்போறேன்."

லீமாரோஸ் கையிலிருந்த குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஆளு இல்லாம சேதி மட்டும் போனாப் போதும்னு சொல்லுங்க."

இந்த ஆய்வின் உயிர் கன்னி ஈக்களில் இருந்தது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பெண் ஈ, எட்டு மணி நேரத்துக்குள் ஆணோடு சேராது. எனவே காலை ஆறரைக்கு லீமாரோஸ் வளர்ப்புக் குப்பிகளில் இருக்கும் ஈக்கள் அனைத்தையும் வெளியேற்றுவார். மதியம் ஒன்றரைக்கு, அதன்பின் புதிதாக வெளிவந்தவற்றில் பெண்களை மட்டும் பிரித்தெடுத்துத் தனிக்குப்பியில் அடைப்பார். அப்படி எடுத்த நாற்பது கன்னிகளில் இருபதுக்குச் சூஃபியா பெப்டைடு ஏற்றினாள். இருபதுக்கு வெறும் உப்புநீர் ஏற்றினாள். முன்னவை முட்டையிட வேண்டும். பின்னவை ஏறக்குறைய மலடாக இருக்க வேண்டும்.

2023 ஜனவரியில் நடந்த முதல் சோதனையில் உப்புநீர்க் குப்பிகளிலும் முட்டை கிடந்தது. பிப்ரவரியில் மறுபடி செய்தாள். மறுபடியும் கிடந்தது.

சூஃபியா தன் குறிப்பேட்டை மூன்று முறை படித்தாள். தன் பக்கத்தில் பிழை வராதபடி ஒவ்வொரு படியையும் கட்டியிருந்தாள். நேரத்தால் வேறுபாடு வரக்கூடாது என்பதற்காக, ஒரு ஈக்குப் பெப்டைடு, அடுத்த ஈக்கு உப்புநீர் என்று மாற்றி மாற்றி ஏற்றினாள். நுண்ணிய கண்ணாடி ஊசிகள் மதுரையிலிருந்து வருபவை, எளிதில் உடைபவை, பெட்டிக்குப் பத்துதான். ஆகவே இரண்டுக்கும் ஒரே ஊசியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையில் அதை உப்புநீரில் மூன்று முறை அலசினாள். மூன்று முறை கழுவினால் சுத்தம் என்பது அவள் கையில் சிறுவயது முதல் ஊறிய கணக்கு. தொழுகைக்கு முன் உளூச் செய்யும் கைக்கு அந்த எண்ணிக்கையில் ஐயம் வருவதில்லை.

தன்னிடம் பிழை இல்லையென்றால், கன்னி என்று கொடுக்கப்பட்டவை கன்னிகள் அல்ல. அவற்றைக் கொடுத்தவர் ஒருவர்தான்.

அந்த எண்ணம் வந்தபிறகு, லீமாரோஸ் செய்த ஒவ்வொன்றும் வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. ஆறரை முதல் எட்டு மணிவரை ஆய்வகத்தில் அவர் தனியாக இருக்கிறார். மதியம் எண்ணிக்கை குறைந்தால், முந்தைய நாள் ஈக்களை எடுத்துப் போட்டு நாற்பதை நிரப்பினால் யாருக்குத் தெரியும்? சூஃபியா ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் ஆறே முக்காலுக்கு வந்து நின்றாள்.

"என்ன டீச்சர், உம்மா வீட்டுல சண்டையா? இம்புட்டு வெள்ளனா வந்துருக்கீக."

"சும்மா வந்தேன்."

"சும்மா வந்தா இப்படி உக்காருங்க. நிக்காதீக. போலீஸ் நிக்கிற மாரி இருக்கு."

அந்தக் கேலியையும் சூஃபியா குறித்துக்கொண்டாள். மடியில் கனம் இல்லாதவள் போலீஸ் என்ற சொல்லை ஏன் எடுக்க வேண்டும்?

பிறகு குப்பிகளை எண்ணினாள். பிப்ரவரிச் சோதனையில் பயன்படுத்தி, கழுவுவதற்காகத் தொட்டியருகே வைத்த நாற்பதில் இருபதுதான் அலமாரிக்குத் திரும்பியிருந்தது. லீமாரோஸிடம் கேட்டாள்.

"மிச்சம் இன்னும் கழுவல டீச்சர். கழுவினதும் வந்துரும்."

பத்து நாள் கழித்தும் வரவில்லை. அந்தப் பத்து நாளும், மாலையில் எல்லாரும் கிளம்பிய பிறகு லீமாரோஸ் சற்று நேரம் பின்தங்குவதையும் சூஃபியா கவனித்தாள்.

மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை அவளுக்குக் கல்லூரி வேலை இருந்தது. அதை முடித்துக்கொண்டு அந்த நண்டுக் கம்பெனியின் வாசலுக்குப் போனாள். வேலை முடிந்து வெளியே வந்த பெண்களில் கோகிலா என்பவர் லீமாரோஸோடு ஒரே மேசையில் நின்றவர்.

"லீமாவா? நல்லா இருக்காளா? அவ ஒரு வார்த்தை சொன்னா, ஒரு குடும்பமே கடலை விட்டுப் போச்சு தெரியுமா?" என்று கோகிலா தொடங்கினார். முட்டை சுமந்த சினை நண்டைக் கம்பெனி வாங்காது. அதற்காகச் சிலர் நண்டின் அடிவயிற்று முட்டையைப் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டுச் சாதாரண நண்டாகக் கொடுப்பார்கள். அப்படித் தேய்த்த நண்டுகளை ஒருநாள் மேசையில் கண்டுபிடித்த லீமாரோஸ், கூடையில் எழுதியிருந்த, வள்ளத்தில் போய் நண்டு பிடித்த வள்ளக்காரர் பெயரை எல்லார் முன்பும் சத்தமாகச் சொல்லிவிட்டார். அன்றோடு அந்த மனிதரிடம் நண்டு வாங்குவது நின்றது. "அதோட போச்சா? இல்ல. கேளுங்க..." என்று கோகிலா கையைப் பிடித்தபோது இராமநாதபுரம் பேருந்து வந்துவிட்டது. சூஃபியா ஏறிவிட்டாள். கேட்டவரைக்கும் போதுமானதாக அவளுக்குப் பட்டது. பழைய இடத்திலும் இந்தப் பெண்மணியால் வில்லங்கம். இடையில் வேலை போயிருக்கிறது.

மார்ச் முதல் வாரத்தில் சூஃபியா துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். நான்கு எண்ணிட்ட பத்திகள். சாவி, மாலையில் தாமதித்தல், முன்பு வேலைபார்த்த இடத்துச் சிக்கல், காணாமற்போன இருபது குப்பிகள். நான்காவது பத்திதான் மிக வலுவானது என்று அவள் நினைத்தாள்.

காதர் மைதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பதினோரு வருஷமா இருக்குற பிள்ளைம்மா. நல்லா யோசிச்சுத்தானே எழுதின?"

"ரெண்டு தடவை சோதனை கெட்டுப்போச்சு சார்."

"சரி. உன் பேரு வெளிய வராது."

மறுநாள் பக்கத்து அறையில் இருந்தபடி சூஃபியா கேட்டுக்கொண்டிருந்தாள். துறைத்தலைவர் நீண்ட நேரம் தணிந்த குரலில் பேசினார். லீமாரோஸ் சொன்னது ஒரே வரி. "கடுவன் ஈ எதையும் நான் உள்ள விடல சார்." அழவில்லை; சத்தியம் செய்யவில்லை; யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. உண்மையில் குற்றமில்லாதவள் யார் சொன்னது என்று கேட்டிருப்பாள் என்று சூஃபியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லீமாரோஸ் நூலகத்துக்கு மாற்றப்பட்டார். ஆய்வகத்தில் கடைசி நாளன்று, சூஃபியாவின் மேசைமேல் இரண்டு சிறிய பெட்டிகளை வைத்துவிட்டுப் போனார். பத்து ஊசிகளையும் ஐந்தைந்தாகப் பிரித்து, ஒரு பெட்டிக்கு வெள்ளை நூலும் மற்றதற்குச் சிவப்பு நூலும் கட்டியிருந்தார்.

"இது எதுக்கு?"

"கம்பெனியில நாங்க கத்தியக் கழுவி மாத்துறது கிடையாது டீச்சர். நல்ல நண்டுக்கு ஒரு கத்தி, சந்தேக நண்டுக்கு ஒரு கத்தி. நூலு கட்டித் தனியா வச்சிருவோம். உங்களுக்கும் சுளுவா இருக்கும்னு..."

போகிற நேரத்தில் ஏதோ நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார் என்று சூஃபியா எண்ணினாள். இருந்தாலும், பெட்டிகள் கைக்கு வசதியாக இருந்ததால் அப்படியே பயன்படுத்தினாள். வெள்ளை உப்புநீருக்கு, சிவப்பு பெப்டைடுக்கு. கன்னி ஈக்களை இப்போது தானே பிரித்தெடுத்தாள்.

ஏப்ரலில் நடந்த மூன்றாம் சோதனை கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. பெப்டைடு ஏற்றிய ஈக்கள் அனைத்தும் முட்டையிட்டன. உப்புநீர் ஏற்றியவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடந்தது. ஆள் போனார், பிழையும் போயிற்று. சூஃபியாவுக்கு இதைவிடச் சான்று வேறு தேவைப்படவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு, விளைவுக்கு ஒன்றை மட்டும் காரணம் காட்டக்கூடாது என்பது இளங்கலை முதலாண்டு மாணவிக்கே அவள் கற்பிக்கிற பாடம். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

ஆகஸ்டு மாதம். டப்பாவில் மக்காச்சோள மாவு தீர்ந்துபோக, புது மூட்டை எடுக்க உலர்த்தும் அலமாரியின் கீழ்த்தட்டில் மூட்டைகளை நகர்த்தினாள். பின்னால் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. அதற்குள், பஞ்சு அடைப்புக் கலையாமல், இருபது குப்பிகள்.

ஒவ்வொன்றிலும் அவளே எழுதி ஒட்டிய சீட்டு: உப்புநீர், ஒன்று முதல் இருபது வரை, பிப்ரவரித் தேதி. சீட்டின் கீழே பென்சிலில், உருண்டை உருண்டையான எழுத்தில், நாள்வாரியாக வேறொரு கை எழுதியிருந்தது. வெள்ளி: புழு இல்லை. சனி: புழு இல்லை. திங்கள்: புழு இல்லை. இப்படியே பதினைந்து நாள்.

சூஃபியா ஒரு குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கஞ்சி காய்ந்து வெடித்திருந்தது. மேலே அரிசிமாவுத் தூள்போல முட்டைகள் அப்படியே ஒட்டிக் கிடந்தன. ஆணோடு சேர்ந்த ஈ இட்ட முட்டையானால் ஒரே நாளில் பொரித்திருக்கும். புழு கஞ்சியைக் குடைந்து தின்று, ஒரு வாரத்தில் குப்பியின் சுவரில் ஏறிக் கூடு கட்டியிருக்கும். ஈ பறந்துபோனாலும் கூடு கண்ணாடியில் ஒட்டியபடி பழுப்பாக நிற்கும். இங்கே கண்ணாடி சுத்தமாக இருந்தது. இருபதிலும் சுத்தமாக இருந்தது.

ஆண் உள்ளே வரவே இல்லை. ஆண் இல்லாமல் முட்டை வந்திருக்கிறதென்றால், வந்தது அந்தப் பெப்டைடுதான். அது போகக்கூடிய வழி ஒன்றுதான்: மூன்று முறை அலசிய அந்த ஒற்றை ஊசி. அலசலில் போகாமல் கண்ணாடிக் குழலில் ஒட்டியிருந்த மிச்சமே கன்னி ஈக்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அவள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். தன் கடிதத்தின் மிக வலுவான நான்காவது பத்தி அவள் மடியில் கிடந்தது.

இரண்டு நாள் தன் குறிப்பேட்டையும் அந்தப் பென்சில் குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் துறைத்தலைவரிடம் போய், புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் முதல் இரண்டு சோதனைகளில் பிழை தன்னுடையதே என்றும் எழுதிக் கொடுத்தாள். காதர் மைதீன் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நல்ல காரியம்மா. ஆனா பட்டியல் ஜூன்லயே போயிருச்சு. லீமாரோஸ் பேரு அதுல இல்ல. இனி அடுத்த வருஷந்தான்."

நூலகத்தில் லீமாரோஸ் ஏணிமேல் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"லீமாக்கா."

"வாங்க டீச்சர். எந்தப் புத்தகம்?"

"குப்பியப் பாத்தேன்."

தூசி தட்டும் துணி நிற்கவில்லை. "எல்லாத்தையும் பாத்தீகளா? ஒன்னு ரெண்டப் பாத்துட்டு ஓடி வந்துட்டீகளா?"

"இருபதும் பாத்தேன்."

"அப்பச் சரி."

"ஏன்க்கா அப்பவே எடுத்துக் காட்டல? வேலையே போயிருக்குமே!"

"காட்டிருந்தா நம்பிருப்பீகளாக்கும்? புழுவ எல்லாம் பொறுக்கி வெளிய போட்டுட்டான்னு அஞ்சாவதா ஒரு நம்பர் போட்டு எழுதிருப்பீக."

 கடிதத்தில் நான்கு எண்கள் இருந்தது லீமாரோஸுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? ஊசிகளுக்கு நூல் கட்டிக் கொடுத்தபோதே தெரியுமா? 

லீமாரோஸ் ஏணியிலிருந்து இறங்கினார். "கோகிலா பாதிதான் சொல்லிருப்பா. உங்க பஸ்சு வந்துருச்சாமே. மீதிய நான் சொல்றேன். அந்த நண்ட நான் கண்ணால பாத்தது நெசம். ஆனா பிரஷ்ஷு போட்டது அந்த வள்ளக்காரரு இல்ல. நடுவுல வாங்கிக் குடுத்த ஏஜென்ட். தெரியிறதுக்கு ஒரு மாசம் ஆச்சு. அதுக்குள்ள மனுசன் வள்ளத்த வித்துப்புட்டுத் திருப்பூருக்குப் போயிட்டாரு. போயி மன்னிப்புக் கேட்டேன். என்னத்தக் கேட்டு? வள்ளம் திரும்பி வருமா? கம்பெனியில யாரும் என்னையப் போகச் சொல்லல. எனக்குத்தான் அந்த மேசையில நிக்க முடியல." துணியை உதறினார். "அதுலேருந்து, எதையும் சொல்லுறதுக்கு முன்னாடி எடுத்து வச்சுப் பாக்குறது. நமக்குத் தெரிஞ்சது போதாது. எதுத்த ஆளு தன் கண்ணால பாக்கணும்."

"நான் கீழ்த்தட்டப் பாக்காமலே இருந்திருந்தா?"

"மாவு என்னைக்காச்சும் தீருமுல்ல."

அந்த வாரமே லீமாரோஸ் ஆய்வகத்துக்குத் திரும்பினார். சாவியும் திரும்பியது. பணி நிரந்தர ஆணை 2024 ஜூனில் வந்தது. வரவேண்டிய நாளுக்குச் சரியாக ஓராண்டு பிந்தி. ஆணை வந்த அன்று துறை முழுவதற்கும் லட்டு கொடுத்தார். சூஃபியாவுக்கு இரண்டு வைத்தார். இரண்டாவது லட்டு எதற்கு என்று சூஃபியா நாள் முழுவதும் யோசித்தாள்.

ஐயம் இப்போது திசை மாறியிருந்தது. முன்பு லீமாரோஸ் என்ன செய்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கத் தொடங்கினாள். ஒரு மனிதர் இவ்வளவு பெரிய அநியாயத்தைச் சும்மா விடுவாரா? ஏதோ ஒரு நாளுக்காக எடுத்து வைத்துக் காத்திருக்கிறாரா? காத்திருக்கத் தெரிந்தவர் என்பதுதான் ஏற்கெனவே தெரிந்துவிட்டதே.

அந்த நாள் 2025 நவம்பரில் நடந்த முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வாக இருக்கும் என்று அவள் உள்ளூர நம்பினாள். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கக்கூடிய பொதுத் தேர்வு அது. மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி, முதல் இரண்டு சோதனைகள் தள்ளப்பட்டிருந்த பக்கத்தில் விரலை வைத்தார். ஆண் ஈ புகுந்திருக்கவில்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள் என்று கேட்டார். அப்போது லீமாரோஸ் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தார்.

"முட்டைகள் பொரிக்கவில்லை சார். இருபது குப்பிகளையும் பதினைந்து நாள் கழுவாமல் வைத்திருந்து, நாள்தோறும் பார்த்து எழுதியவர் இவர்." சூஃபியா வாசலைக் காட்டினாள். "நான் பார்க்கவில்லை. எனக்குத் தோன்றவும் இல்லை."

புகாரைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொல்வதற்காக எடுத்த மூச்சு அப்படியே இறங்கிவிட்டது.

"பார்வையாளர்களில் யாராவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றார் தேர்வாளர்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு லீமாரோஸ் கையைத் தூக்கினார். 

"அந்தக் கடுவனும் இல்ல, ஊசியும் இல்ல. அப்பவும் பொட்டை ஈ ஒன்னு ரெண்டு முட்டை விடுதே. அது யாரு சொல்லி விடுது டீச்சர்?"

அறை சிரித்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை, தலையசைத்துக்கொண்டே சூஃபியாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது அக்கா," என்றாள் சூஃபியா. "அதை நான் இன்னும் பாக்கல."

"பாருங்க," என்று சொல்லிவிட்டு லீமாரோஸ் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்.

சூஃபியா இப்போது அதே துறையில் கௌரவ விரிவுரையாளர். காலை ஏழே முக்காலுக்கு அவள் வரும்போது கதவு திறந்திருக்கிறது, கஞ்சி கொதிக்கிறது. அந்த இருபது குப்பிகளைக் கழுவ அவளுக்கு மனம் வரவில்லை. அவளுடைய மேசையின் கீழ் இழுப்பறையில் சீட்டுகளோடு இருக்கின்றன. மேசையைத் துடைக்கும்போது லீமாரோஸ் அந்த இழுப்பறையையும் நாள்தோறும் துடைக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தனக்கு வரவேண்டிய அந்த ஓராண்டைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு சொல் கேட்டதில்லை. துணியை உதறிவிட்டு, "சாப்புட்டீகளா டீச்சர்?" என்று மட்டும் கேட்கிறார்.